ரோஜாவுக்கு வைத்த புண்ணாக்கு

நம்மில் எத்தனை பேர் கடலைப் புண்ணாக்கு தின்றிருக்கிறோம்? கூட்டத்தில் கேட்டால் ஒருவரும் கையைத் தூக்க மாட்டோம். மாட்டுத் தீனியாயிற்றே. ஆனால் என் வயதுக்காரர்கள் தனியாக அகப்படும்போது கேட்டுப் பாருங்கள். "வெல்லம் வெச்சுத் தின்னா நல்லாத்தான் இருக்கும்" என்று யாராவது ஒருத்தர் மெதுவாக வாயைத் திறப்பார். அரிசி கிடைக்காத அந்த வருஷங்களில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் நாம். ரேஷன் கடை வாசலில் காக்கிப் பையை வரிசையில் போட்டுவிட்டு, பைக்குக் காவலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது உங்களுக்கும் மறந்திருக்காது.

எங்கள் வீட்டுக்குப் புண்ணாக்கு வந்தது மாட்டுக்காக அல்ல. மாடு கிடையாது. அப்பாவின் ரோஜாச் செடிகளுக்காக வந்தது.

பெரிய காஞ்சிபுரத்தில், நெசவு நெய்கிற தெருவில் எங்கள் வீடு. முன்னறையில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் சித்தப்பா. இருப்பது ஒரே ஒரு சின்ன ஜன்னல். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டால் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. அப்பா வெளிச்சத்தைப் பார்ப்பது காலையில் பல் விளக்கும் நேரத்தில் மட்டும்தான். அந்த நேரத்தைக் கொல்லையில், கிணற்றை ஒட்டிய செடிகளோடு கழிப்பார். மொத்தம் ஏழு செடி. ஐந்து பன்னீர் ரோஜா. மற்ற இரண்டும் ஒட்டுக் கட்டியவை. பட்டுக்கடை முதலாளி பெங்களூருக்குப் போனபோது வேரில் மண்ணோடு சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அப்பாவுக்குக் கொடுத்தது. அந்த இரண்டில் ஒன்று பூத்தால் அப்பா ஓர் இதழைக் கிள்ளி உள்ளே எடுத்து வருவார். தறியில் ஓடும் பட்டு இழைமேல் வைத்துப் பார்ப்பார். "இந்தச் சாயம் இன்னும் எவன் கைக்கும் வரலைப்பா" என்று சித்தப்பாவிடம் சொல்வார். பேச்சே இல்லாத மனுஷர். அவர் வாயிலிருந்து வருகிற நீளமான பேச்சு அதுதான்.

முதலாளி வீட்டுத் தோட்டக்காரர் ரோஜாவுக்கு எலும்புத் தூள் போடச் சொல்லியிருக்கிறார். அப்பா காதைப் பொத்திக்கொண்டார். நாங்கள் சைவம். அதனால் எரு, புண்ணாக்கு இரண்டும்தான். ஐப்பசி, கார்த்திகை மழை நின்றதும் செடிகளைக் கழித்துவிடுவார். முனை முனையாக வெட்டிய செடிகள் மொட்டைக் குச்சிகளாக நிற்கும். அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாகப் பள்ளம் பறிப்பார். மக்கின எருவைக் கையால் பொடித்துப் போடுவார். செக்கிலிருந்து வாங்கி வந்த புண்ணாக்கு வண்டிச் சக்கரம் மாதிரி வட்டமாக இருக்கும். அதைக் கல்லால் உடைத்து, ஒரு பங்கைப் பானையில் மூன்று நாள் ஊறப்போட்டு, நுரைத்துப் பொங்கியதும் தண்ணீர் கலந்து ஊற்றுவார். அந்த நாற்றம் துணியில் ஒட்டும், தலைமயிரில் ஒட்டும். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் சேந்துவாள். "கட்டியா வெச்சா வேர் வெந்துடும். ஊறவெச்சுத்தான் குடுக்கணும்" என்று அப்பா ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். ஊறப்போட்டது போக மீதிக் கட்டிகள் கிணற்றடிக் கொட்டகையில், மூடி போட்ட பானை ஒன்றில் இருக்கும்.

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கூரத்துப் பெண். அங்கே அவர்களுக்குத் தறியோடு கொஞ்சம் நிலமும் உண்டு. வயிறு நிறையச் சாப்பிட்டு வளர்ந்தவள். அவளுக்கு அம்மா இல்லை, அண்ணன் வீடுதான். அதனால் தலைப்பிரசவம் எங்கள் வீட்டிலேயே என்று முடிவாகியிருந்தது. "தாயில்லாத பொண்ணு. என் பொறுப்பு" என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பொறுப்பு என்றால் அம்மாவுக்கு விளையாட்டில்லை.

எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஓர் ஆண்பிள்ளை. நன்றாகப் பருத்த பிள்ளை. இரண்டு நாள் வலிக்குப் பிறகு வெளியே வந்தபோது மூச்சு இல்லை. "நல்லாத் தின்னு தின்னு பிள்ளையைப் பெருக்க வெச்சுட்டே. அப்புறம் எப்படி வெளிய வரும்?" என்று மருத்துவச்சி சொல்லியிருக்கிறாள். அம்மா அதை அப்படியே நம்பினாள். நான் வயிற்றிலிருந்தபோது பாதி வயிறுதான் சாப்பிட்டாளாம். நான் சின்னதாக, சுலபமாகப் பிறந்தேன், பிழைத்தேன். அதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் அவளுக்கு?

ஆகவே சித்திக்கு மூன்று மாதம் ஆனதிலிருந்து அவள் சோற்றை அம்மா அளந்தாள். வீட்டில் அரிசியும் குறைவு. ரேஷனில் கோதுமை வந்தது, மக்காச்சோளம் வந்தது. ஆண்கள் சாப்பிட்டு, நான் சாப்பிட்டு, மிச்சத்தை அம்மாவும் சித்தியும் பகிர்வார்கள். மிச்சம் கொஞ்சம் அதிகமாக இருந்த நாளிலும் அம்மா கரண்டியைத் தூக்கிவிடுவாள்.

"போதும்மா. பிள்ளை பெருத்துடும். அப்புறம் நீதான் கஷ்டப்படணும்."

"சரிக்கா" என்பாள் சித்தி. தட்டில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்து நக்குவாள். அதை நான் பார்த்தால் சிரிப்பாள்.

மார்கழியில் அரைப் பரீட்சை லீவு. எனக்கு ஒன்பது வயது. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆண்கள் தறியறைத் தரையில் கொஞ்சம் சாய்ந்திருந்தார்கள். அம்மா பக்கத்து வீட்டு உரலில் மாவரைக்கப் போயிருந்தாள். நான் கொல்லைக்குப் போனேன். கொட்டகைக்குள் சித்தி பானைக்கு முன்னால் குந்தியிருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அசைவு நின்றது. கன்னம் உப்பலாக அப்படியே இருந்தது. கண்களில் நீர் முட்டியது. மெல்லவும் முடியவில்லை, துப்பவும் மனசில்லை.

"என்ன சித்தி தின்ற?"

கஷ்டப்பட்டு விழுங்கினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே நகத்தளவு வெல்லம். அதில் பாதியைப் பிட்டு, புண்ணாக்குத் துண்டு ஒன்றோடு சேர்த்து என் கையில் வைத்தாள். தின்றேன். முதலில் மரத்தூள் மாதிரி இருந்தது. மெல்ல மெல்லக் கடலை வாசம் வந்தது.

"பசிக்குதா சித்தி?"

"எனக்கில்லடா கண்ணு. இது கேக்குது. நான் என்னா பண்றது?" என்று வயிற்றைக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்காகிட்ட சொல்லாத. உங்க அப்பாகிட்டயும் சொல்லாத. செடிக்கு வெச்சதைத் தின்னுக்கினு இருக்கேன்னு தெரிஞ்சா நான் எப்படி இந்த வீட்டுல தலை நிமிந்து நடப்பேன்? என் வயித்து மேல கை வெச்சுச் சத்தியம் பண்ணு" என்றாள்.

கையை வைத்தேன். உள்ளே ஏதோ என் உள்ளங்கையை முட்டியது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். சித்தி சிரித்தாள். "பாத்தியா, அதுக்கும் கேட்டுடுச்சு" என்றாள்.

அதன் பிறகு லீவு முழுக்க மத்தியானங்களில் கொட்டகை வாசலில் நான் காவல் நிற்பேன். யாராவது வந்தால் இருமுவேன். அந்தப் பத்து நாள் சித்தி நம்பியதைப் போல அப்புறம் யாரும் என்னை நம்பியதில்லை.

ஒரு நாள் காலையில் அப்பா பானையைத் திறந்தார்.

"பாதிக் கட்டியைக் காணோம்" என்று கத்தினார். "பெருச்சாளி தின்னுக்கினு இருக்குது."

"மூடி போட்ட பானையில பெருச்சாளி எப்படிங்க?" என்றாள் அம்மா.

"அதுக்குத் தெரியாத வித்தையா? மூடியைத் தள்ளிட்டுத் தின்னும்."

இரண்டு நாள் கழித்து நாட்டு மருந்துக் கடையிலிருந்து காகிதப் பொட்டலத்தோடு வந்தார். எலி பாஷாணம். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பிள்ளையார் வாகனம்ங்க அது. வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல ஒரு உயிரைக் கொல்லணுமா?" என்றாள்.

"வாகனம்னா கோயில்ல இருக்கட்டும்" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

நான் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டே பார்த்தேன். புண்ணாக்கைக் கல்லில் பொடித்து, வெல்லம் சேர்த்து, அந்தக் கறுப்புத் தூளைக் குச்சியால் கலந்தார். அவரே மூக்கில் துண்டைக் கட்டியிருந்தார். உருட்டிய உருண்டைகளைப் பானைக்குள் மற்றக் கட்டிகளோடு போட்டு, மூடியைப் பாதி திறந்து வைத்தார். "இந்தப் பக்கமே வரக்கூடாது, தெரிஞ்சுதா?" என்று என்னிடம் சொன்னார். அம்மாவிடம், "வீட்டுல எல்லாருக்கும் சொல்லிடு" என்றார். அம்மா என்னிடம் மட்டும் இன்னொரு தடவை சொன்னாள். வளர்ந்தவர்களுக்கு எதற்கு? புண்ணாக்கை யார் தொடப் போகிறார்கள்?

சித்தி அப்போது தறியறையில் இருந்தாள். கரைக்கு வேறு நிறம் கோக்கிற சேலைக்குத் தறியின் மறுபக்கம் ஓர் ஆள் வேண்டும். சித்தப்பாவுக்கு அவள்தான் அந்த ஆள். நான் வாசற்படியில் நின்று கூப்பிட்டேன்.

"சித்தி, ஒரு நிமிஷம் இங்க வாயேன்."

கை துடைத்துக்கொண்டு தறிக்குத் திரும்பியிருந்த அப்பா நிமிர்ந்தார். "வேலை நேரத்துல என்னா கூப்பிடற? போய் விளையாடு."

சித்தி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு இழையைத் தள்ளினாள். அறை முழுக்கத் தறிச் சத்தம். அதற்கு மேல் கத்தினால்தான் கேட்கும். கத்தினால் எல்லோருக்கும் கேட்கும். சத்தியம் செய்த உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நின்றேன். சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும். சொல்லாவிட்டாலும் ஆகிவிடும்.

கொல்லைக்கு ஓடினேன். உருண்டைகளை மட்டும் எடுத்துப் போட்டால் போதுமா, மற்றக் கட்டிகளிலும் தூள் ஒட்டியிருக்குமா, எனக்குத் தெரியவில்லை. பானையோடு தூக்கினேன். தெருவில் கொட்டினால் நாய் தின்னும், மாடு தின்னும். கிணற்றில் போடக்கூடாது. செடிகள்தான் கண்ணில் பட்டன. எப்படியும் அவற்றுக்கு வந்த தீனிதானே? செடிக்கு வயிறு கிடையாதே? ஏழு செடிகளின் அடியிலும் கொட்டி, குச்சியால் மண்ணைத் தள்ளி மூடி, தகர டின்னில் தண்ணீர் சேந்திச் சேந்தி ஊற்றினேன். பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். கையைச் சாம்பல் போட்டு நாலு தடவை தேய்த்தேன்.

சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்னால் அப்பா பானையைப் பார்த்துவிட்டார். பாவாடையில் சேறு. மறைக்க ஒன்றுமில்லை.

"ஏண்டி கொட்டினே?"

வாயைத் திறக்கவில்லை. கையில் அகப்பட்ட குச்சியால் கெண்டைக்காலில் அடித்தார்.

"சொல்லு! எதுக்குடி கொட்டினே? எலி பாஷாணம் கலந்ததுடி அது! தெரியும்தானே உனக்கு? வாயில பட்டிருந்தா உயிரு போயிருக்கும்டி!"

சத்தம் கேட்டுச் சித்தி பின்கட்டு வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். எலி பாஷாணம் என்ற வார்த்தை அவள் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். ஒரு கை நிலையைப் பிடித்தது, இன்னொரு கை வயிற்றுக்குப் போனது. அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா ஓடி வந்து அவளைத் தாங்கினாள். "வயித்துப் பிள்ளைக்காரி முன்னாடி ஏன்தான் இப்படி அடிக்கிறீங்க? பாருங்க, மயக்கம் வந்துடுச்சு!"

சித்திக்கு மயக்கம் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஒரு தடவை பிரிந்தது. சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அப்பா குச்சியை இன்னொரு தடவை ஓங்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லவில்லை.

அவள்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்று இப்போது கேட்டால், இருந்தது. நிறைய நாள் இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண், புகுந்த வீட்டில், புருஷனின் அண்ணனிடம், "எனக்குப் பசிச்சுது, உங்க செடிக்கு வெச்சதைத் தின்னேன்" என்று எப்படிச் சொல்வாள் என்பது எனக்கு விளங்க, நானும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போக வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் சித்தி எனக்குத் தலை வாரினாள். பின்னல் போட அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனதில்லை. நடுவில் உச்சந்தலையில் சூடாக ஏதோ சொட்டியது. கெண்டைக்காலில் தடிப்புத் தடிப்பாக இருந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தடவினாள்.

செடிகள் ஒரே வாரத்தில் வாடின. கழித்துவிட்ட கொம்புகளில் அப்போதுதான் செந்துளிர் விட்டிருந்தது. அது ஓரத்திலிருந்து கருகியது. இளங்கொழுந்துகள் தலையைத் தொங்கப் போட்டன. அப்பா மண்ணைத் தோண்டி, புண்ணாக்கை வாரி எறிந்து, வேரைத் தண்ணீரில் அலசி, புது மண் போட்டுப் பார்த்தார். எறும்பு மொய்த்ததுதான் மிச்சம். பொங்கலுக்குள் ஏழும் போயின. கடைசியாகப் பெங்களூர்ச் செடி ஒன்றைப் பிடுங்கியபோது வேர் அவிந்த கிழங்கு மாதிரிக் கையோடு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்று மேடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அன்று தறியில் உட்காரவில்லை. என்னோடு தை முழுக்கப் பேசவில்லை. அதற்கப்புறம் அவர் ஒரு செடியும் வைக்கவில்லை. அந்த இடத்தில் துணி துவைக்கிற கல்லைப் போட்டார்.

எனக்குக் கிடைக்கிற இட்லியில் ஒன்றைப் பாவாடையில் மறைத்து எடுத்துப்போய்ச் சித்தியிடம் நீட்டினேன். அவள் என் கையை மூடினாள். "வேணாம் கண்ணு. எனக்கு இப்பெல்லாம் பசியே இல்ல" என்றாள். நம்பினேன். ஒன்பது வயதில் நம்பத்தான் முடிந்தது.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு மணி நேர வலிதான். மருத்துவச்சி வெளியே வந்து, "நோகாம பெத்துட்டா உன் தங்கச்சி. நீ பாத்துக்கின பக்குவம்மா" என்று அம்மாவைப் புகழ்ந்தாள். அம்மா முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. குழந்தை என் ஸ்லேட்டின் நீளம்கூட இல்லை. அழுதால் பூனைக்குட்டி மாதிரிக் கேட்கும். பிறகு அதுவும் கேட்காது. சித்திக்குப் பால் சுரக்கவில்லை. பத்தொன்பதாவது நாள் காலையில், அதைச் சித்தப்பா தன் புது வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள் அம்மா. எதிர்வீட்டுப் பெண்ணோடு அதற்காகப் பேச்சை விட்டாள்.

சித்தி ஒரு மாதம் கூரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்ததும் சித்தப்பா இரண்டு தெரு தள்ளித் தனி வீடு பார்த்துக்கொண்டார். ஏன் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. வருத்தப்பட்டார். அங்கே சித்திக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, கொழுகொழுவென்று வளர்ந்தார்கள்.

நான் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தபோது, வெள்ளிக்கிழமை தவறாமல் சித்தி தூக்கில் சாப்பாடு கொண்டுவந்தாள். சாம்பார் சாதம், நெய் மிதக்கும். நான் கடைசிப் பருக்கை வரை தின்று முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இவ்ளோ எதுக்கும்மா எடுத்தாற? பிள்ளை பெருத்துடப் போவுது."

சித்தி அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். தூக்கை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அம்மா வந்து தூக்கை எடுத்து மூடப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். கொட்டகை, பானை, முந்தானை முடிச்சில் வெல்லம், எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கேட்டுக்கொண்டே மெல்ல உட்கார்ந்தாள். "வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே" என்றாள்.

"கேட்டா குடுத்திருப்பியாம்மா?"

அம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். எனக்காக ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம்.

"குடுத்திருக்க மாட்டேன்" என்றாள்.

தூக்கைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடு" என்றாள். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "உங்க அப்பாகிட்ட மட்டும் சொல்லாத. தன் கையால கலந்தாரு. தாங்க மாட்டாரு" என்றாள். சாகும்வரை அதைப் பற்றி அப்புறம் அவள் பேசவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணோடு மட்டும் மறுநாளே பேசினாள்.

அம்மா போன பிறகு அப்பா என்னோடு வந்து இருந்தார். கண் மங்கிவிட்டது, கை நடுங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலில் நாற்காலி போட்டு அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"உன்னை ஒண்ணு கேக்கணும்மா" என்றார். "ரொம்ப நாளா மனசுல இருக்குது. அன்னிக்கு ஏம்மா அந்தப் பானையைக் கொட்டினே? என் மேல ஏதாச்சும் கோவமா?"

வெட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அவர் என் முகத்தை நோக்கித் திரும்பினார். அவருக்கு என் முகம் சரியாகத் தெரியாது.

"கோவமெல்லாம் இல்லப்பா. விளையாட்டா பண்ணிட்டேன்."

"விளையாட்டாவா?"

"ஆமாம்ப்பா. செடிக்கு நல்லதுன்னு நெனச்சிக்கினு பண்ணிட்டேன்."

தலையை ஆட்டினார். பிறகு, "ஏழு செடிக்காக ஒரு சின்னப் பொண்ணை அந்த அடி அடிச்சேனே. அதை நெனச்சா இப்பக்கூட எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. அதைவிடப் பெரிய பாவம் நான் ஒண்ணும் பண்ணலைம்மா" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

"மனசுல வெச்சிக்காத."

"வெச்சிக்கல."

அவர் இன்னொரு கையை நீட்டினார். நகத்தை வெட்டினேன்.